முகம் கொடுக்காத தோள்

பல ஊர்கள் சுற்றிவிட்டு வீடு திரும்பியவளுக்கு முதலாளிகள் வேலை கொடுப்பதற்கு முன்பே சொந்தக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தது சித்தியின் வலது தோள்.

சித்தி என் அம்மாவின் தங்கை, அடுத்த வீட்டில் இருப்பவள். பொது நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். கூரை போட்ட பெரிய குளம் அது. கதவைத் திறந்ததுமே குளோரின் வாடை மூக்கில் ஏறும். பிள்ளைகளின் கூச்சல் சுவர்களில் மோதி இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஆழமான முனையில் ஏணி வைத்த உயரமான நாற்காலி. அதில் சிவப்புச் சட்டையில் சித்தி உட்கார்ந்திருப்பாள். முகத்தில் சிரிப்போ கோபமோ அலுப்போ ஒன்றும் இருக்காது. குளத்துக்கு வருகிறவர்கள் அவளுக்குச் 'சிலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். காதுபடவே சொல்வார்கள். அதற்கும் அந்த முகம் அசையாது. வீட்டிலும் அப்படித்தான். தொலைக்காட்சியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிற காட்சி வந்தாலும், யாராவது மூழ்குகிறார்களா என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குளத்தைச் சுத்தம் செய்கிற நாளில் தண்ணீருக்குள் போகிற ஏணிப்படியில் இறங்கும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. உடம்பு கீழே போயிற்று. வலது கை மட்டும் மேலே கைப்பிடியை விடவில்லை. தோள் முன்பக்கமாக நழுவி வெளியே போய், அவள் தண்ணீரில் விழுந்த வேகத்தில் தானாகவே உள்ளே வந்துவிட்டது. இதெல்லாம் வெகு நாள் கழித்து எங்களுக்குத் தெரிந்த விவரம். அன்று வீட்டுக்கு வந்து அவள் சொன்னது ஒரே வார்த்தை. சுளுக்கு.

நம் மொழியில் இதைவிட வசதியான வார்த்தை கிடையாது. கழுத்து திரும்பாவிட்டால் சுளுக்கு, முதுகு நிமிராவிட்டால் சுளுக்கு, உள்ளே எது கிழிந்து தொங்கினாலும் சுளுக்கு. அப்படிச் சொல்லிவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டாம், விடுப்பு எடுக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

சித்தப்பாவோ தன் பங்குக்கு, அது பேரிங் தேய்மானம் என்றார். அவர் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டில் அப்படி ஒன்று இல்லாததுதான் அவருடைய வாழ்நாள் குறை. மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக அவருக்கு நேரம் இல்லை. அப்படியே போனாலும், வழியில் அவர் ஓட்டுவதற்குச் சித்தி குறை சொல்வாள், இரண்டு பேரும் பாதியில் திரும்பிவிடுவார்கள். ஆகவே அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு எதிர்த்துப் பேச நியாயம் இல்லை, காலையில் எழுந்து போக ஓர் இடமும் இல்லை.

முதலில் போனது பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு. சித்தி கதவைத் தாண்டுவதற்குள் 'கை வலி' என்று சொல்லிவிட்டாள். நம் பேச்சில் கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? தோளிலிருந்து நகம்வரை எல்லாம் கைதான். அங்கிருந்த இளம் மருத்துவர் எந்த இடம் என்று கேட்டார். சித்தி, மேசை துடைப்பதுபோலப் பொதுவாக ஒரு தடவு தடவிக் காட்டினாள். அவர் முழங்கைக்குப் படம் எடுக்கச் சொன்னார். அழகான முழங்கை, ஒரு கீறல் கிடையாது. படத்தைக் கொடியைப்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். உயர்த்திப் பிடித்தது இடது கையில். நான் பைத்தியக்காரிபோல அதைக் கவனிக்காமல் வண்டியை எடுத்தேன்.

அடுத்து, குளத்தில் நீச்சல் சொல்லித் தருகிற மாஸ்டர் புகுந்தார். ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். இழுத்தார். சித்தி நன்றி சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் குளியலறையிலிருந்து கத்தரிக்கோல் கேட்டாள். சட்டையைத் தலைவழியே கழற்ற முடியவில்லை, வெட்டி எடுத்தோம். அப்போதும் சரியாகிவிட்டது என்றே சொன்னாள்.

அதன் பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். துணி காயப்போடுவது இடது கை. மேல் தட்டில் இருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக இடுப்பு உயரத்துக்கு இறங்கி வந்திருந்தன. வலது பக்கம் படுப்பதை விட்டிருந்தாள். ஒரு நாள் மதியம் குளத்தில், பாதைகளைப் பிரிக்கிற மிதவைக் கயிற்றைக் கொக்கியில் மாட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னால் நீட்டினாள். கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு உயிர் போனதுபோலத் தொப்பென்று விழுந்தது. அவள் அந்தக் கையை இடது கையால் எடுத்து, யாரோ மறந்துவிட்டுப்போன பையை எடுத்து வைக்கிறவள்போல மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஒரு பள்ளிக்கூடமே கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அதுவரை அவளுடைய தோள், அவளுடைய பிடிவாதம், அவள் பாடு என்று விட்டிருந்தேன். ஆழத்தில் ஒரு பிள்ளையை இழுத்துக்கொண்டு வரும்போது அந்தக் கை அப்படி விழுந்தால்?

தோள்பட்டைக்கென்றே ஒரு மருத்துவர் இருக்கிறார் என்று விசாரித்து, சண்டை போட்டு, அழைத்துப்போனேன். இந்த முறை சித்தி வாயைத் திறப்பதற்குள் நானே "கை இல்ல டாக்டர், தோள்" என்றேன். அவர் நிதானமான மனிதர். எப்படி அடிபட்டது என்று கேட்டார். சித்தி, வழுக்கிவிட்டது என்றாள். கை எந்தப் பக்கம் இழுபட்டது என்றார். ஞாபகம் இல்லை என்றாள். கையைத் தூக்க முடியுமா என்று கேட்டார்.

சித்தியிடம் 'முடியுமா' என்று முடிகிற கேள்வியைக் கேட்கவே கூடாது. அவளுக்கு அது சவால். இரண்டு கைகளையும் காதோடு ஒட்டித் தூக்கிக் காட்டினாள். அவர் அவள் கையைக் கீழே அழுத்தி, எதிர்த்துத் தள்ளச் சொன்னார். இந்த வயதில் இப்படி விழுந்தால் தோளைத் தூக்குகிற தசையின் நாண்தான் முதலில் கிழியும், அதனால் அதைப் பார்க்கிறேன் என்றார். சித்தி தள்ளிய வேகத்தில் அவரே கொஞ்சம் நகர்ந்தார். நாண் நன்றாக இருந்தது.

பிறகு அவளைப் படுக்கவைத்தார். கையைப் பக்கவாட்டில் விரித்து, முழங்கையை மடக்கி, பந்து எறிகிறவன் ஓங்குவதுபோல மெல்லப் பின்னால் திருப்பினார். அவர் தோளைப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு நீந்தத் தெரியுமா தெரியாதா என்று யோசிப்பவள்போல. எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அவளுடைய கால் விரல்கள் பத்தும் சுருண்டு விரிப்பைக் கவ்விப் பிடித்ததை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன். குளிருகிறது என்றாள் சித்தி.

மருத்துவர் கையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுல நான் வலியத் தேடலம்மா. பயத்தத் தேடறேன். முன்பக்கத்து ஜவ்வு கிழிஞ்சிருந்தா, கை கழண்டு போயிடுமோன்னு ஒரு பயம் வரும். அது முகத்துல தெரிஞ்சிடும், யாராலயும் மறைக்க முடியாது. இவங்க முகத்துல எதுவுமே இல்லையே."

தோள் எலும்புக்கு எடுத்த படமும் சுத்தமாக இருந்தது. ஜவ்வு அதில் தெரியாது, ஸ்கேன் எடுத்தால் தெரியும், எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். சித்தி, தேவைப்பட்டால் வருகிறோம் என்று எழுந்துவிட்டாள். அத்தனை பெரிய படிப்புப் படித்தவர் நேர்மையாக முகத்தைப் படித்தார். அந்த முகத்தில்தான் எதுவும் அச்சடிக்கவே இல்லை. எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வண்டியில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"நீ டாக்டர்கிட்ட பொய் சொன்னே."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"அதத்தான் சொல்றேன்."

"நீ என்ன, எனக்கு வாய்ச்ச ரெண்டாவது மாமியாரா? ரோட்டப் பாத்து ஓட்டு."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளை தண்ணீருக்கு அடியில் போனதைப் பார்த்து இவள் நாற்காலியில் எழுந்து நின்றிருக்கிறாள், முகமெல்லாம் வெளிறி. கரையில் இருந்த அம்மாக்காரி பிள்ளையைப் பார்க்கவில்லை, இவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் நீந்தத் தெரியாமலே குதித்துவிட்டாள். ஒருத்தருக்குப் பதில் இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று.

"அன்னிக்கே மூஞ்சியக் கழட்டி வெச்சுட்டேன். இப்போ ஒரு டாக்டர் வந்து கேட்டா, எங்கேர்ந்து எடுத்து மாட்டறது?"

இன்னொன்றும் இருந்தது. வருடாந்திரத் தேர்வு வருகிறது. ஆள் எடையுள்ள பொம்மையை, குறித்த நேரத்துக்குள் ஆழமான முனையிலிருந்து இழுத்து வர வேண்டும். முடியாதவர்களை அலமாரிச் சாவி கொடுக்கிற ஜன்னலுக்கு மாற்றிவிடுவார்கள். ஒருமுறை அங்கே போனவர்கள் தண்ணீருக்குத் திரும்பியதில்லை. சித்திக்கு அந்த நாற்காலியை விட்டால் உலகத்தில் வேறு இடம் கிடையாது. வீட்டில்கூட அவள் நுனியில்தான் உட்காருவாள், எழுந்து ஓடத் தயாராக.

அது புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை. தேர்வில் ஜெயித்துவிட்டு அந்தக் கையோடு நாற்காலியில் ஏறி உட்காரப்போகிறாளே, அதை என்ன செய்வது?

அவள் பயிற்சி எடுக்கத் தீர்மானித்தாள். பொம்மை பூட்டியிருந்தது, சாவி மேலாளரிடம். கேட்டால் ஏன் என்று கேட்பார். ஆகவே பொம்மையாக இருக்க என்னைக் கூப்பிட்டாள். மறுத்திருக்க வேண்டும். தோள் தாங்காது என்பதை அவளே தண்ணீரில் பார்த்துக்கொள்ளட்டும் என்ற வீம்பில் சரி என்றேன். மதிய இடைவேளையில் குளம் காலியாக இருந்தது. உடம்பைத் தளர்த்திப் பிணம்போலக் கிட, கையைக் காலை ஆட்டாதே என்று சொல்லிவிட்டு, இடது கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, மல்லாந்தபடி வலது கையை வீசி நீந்தத் தொடங்கினாள். பாதித் தூரம் வெண்ணெயில் கத்தி போனமாதிரி போனோம். பிறகு, தலைக்கு மேலே போன அவள் கை திரும்பி வரவில்லை. தோள் அரைகுறையாக நழுவியது. என் காதுக்குப் பக்கத்தில் அவள் மூச்சு நின்றது. பிடி விட்டது. பிணமாகக் கிடக்கச் சொல்லியிருந்ததால் கிடந்த வாக்கிலேயே நான் உள்ளே போனேன். மூக்கு வாய் எல்லாம் குளோரின்.

நான் கைகாலை உதறி மேலே வருவதற்குள் அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து, கால்களை மட்டும் உதைத்து, என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். நான் கரையைப் பிடித்துக்கொண்டு இருமி இருமித் தண்ணீரைத் துப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு எதிரே இருந்தது முன்பின் தெரியாத ஒருத்தியின் முகம். உதடு கோணியிருந்தது, கண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலைந்தது.

"தண்ணி குடிச்சுட்டியா? பேசுடீ. பேசு."

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"உன் எடத்துல ஒரு கொழந்த இருந்திருந்தா..."

தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். மறுநாள் காலை நான் எழுந்திருக்கும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். வண்டியை எடு என்றாள்.

மருத்துவர் அவளை மறுபடி படுக்கவைத்தார். கையை விரித்தார், முழங்கையை மடக்கினார், பின்னால் திருப்பத் தொடங்கினார். பாதிகூடப் போயிருக்காது.

"போதும், அங்கேயே நிறுத்துங்க. அதுக்கு மேல போனா கழண்டுடும். பயமா இருக்கு."

அவர் உடனே கையை நிறுத்தினார். தோளின் முன்பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போது எப்படி என்று கேட்டார். இப்போது பயமில்லை என்றாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் குளத்தில் பாதியைக் குடித்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

மூட்டுக்குள் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் படத்தைத் திரையில் போட்டு விளக்கினார். தோள் மூட்டு என்பது சின்னத் தட்டின்மேல் பெரிய பந்தை வைத்தமாதிரி. தட்டைச் சுற்றி ஒரு விளிம்பு உண்டு, பந்து உருண்டு விழாமல் ஜவ்வுகள் பட்டைபோலச் சுற்றிப் பிடித்திருக்கும். சித்திக்கு முன்பக்கப் பட்டை, விளிம்போடு சேர்ந்து எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. பயிற்சியால் தசைகளைப் பலப்படுத்தினால் அன்றாட வேலைக்குப் போதுமாக இருக்கலாம். தலைக்கு மேலே கையை வீசி ஆட்களை இழுக்கிற வேலைக்குத் தைப்பதுதான் நல்லது. தைத்த பிறகு அரை வருடமாவது பொறுக்க வேண்டும். தேர்வுத் தேதி அதற்குள் போய்விடும் என்பது சித்திக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள், பிறகு தைத்துவிடுங்கள் என்றாள்.

வீட்டில் சித்தப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர், "எதையும் ஜவ்வா இழுத்துக்கிட்டே இருந்தா அது கிழியாம என்ன செய்யும்" என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

மேலாளரிடம் சித்தி 'சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் சொன்னாள். அவர் கூச்ச சுபாவம். பெண்கள் சமாச்சாரம் ஏதோ என்று நினைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஆகட்டும் ஆகட்டும் என்று விடுப்புக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்ததும் தனியாகத் தேர்வு வைக்கலாம், தேறாவிட்டால் சாவி ஜன்னல். அதில் கூச்சம் எதுவும் இல்லை.

சின்னத் துளைகள் வழியாகக் கருவிகளை விட்டு, எலும்பில் குட்டி ஆணிகளைப் பொருத்தி, பட்டையை அதன் இடத்தில் இழுத்துத் தைத்தார்கள். அதன் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத் தோன்றும். கையைக் கழுத்தில் தொங்குகிற தூளியில் போட்டு அசையாமல் வைக்கச் சொன்னால் இவள் தூளியோடு ஜன்னல் துடைத்தாள். கையை வெளிப்பக்கம் திருப்பவே கூடாது என்று சொன்னால், கூடாது என்பது எவ்வளவு என்று திருப்பிப் பார்த்தாள். தூங்கும்போதாவது நிம்மதி என்று பார்த்தால், தூக்கத்தில் யாரையோ இழுத்தாள்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பிசியோ என்னைவிட இளையவள், என்னைவிட வாய். முதல் நாளே சித்தி எல்லாம் முடியும் முடியும் என்று கையைத் தூக்க, அவள் அதைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"முடியுமான்னு நான் கேக்கவே இல்லையே ஆன்ட்டி. எங்க பிடிக்குதுன்னு கேட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துதான் நான் அளவு வெக்கணும். அத வீட்டுல வெச்சுட்டு வந்தா நான் சுவத்தப் பாத்தா வேலை செய்யறது?"

சித்தி அவளை முறைத்தாள். முறைப்பும் முகம்தானே, அங்கிருந்து ஆரம்பிப்போம் என்றாள் அவள்.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. முதலில் புருவம் சுருங்கியது. பிறகு 'ஸ்' என்று ஒரு சத்தம். ரப்பர் பட்டையை இழுக்கிறபோது 'இங்க, இங்கதான்' என்று விரலை வைத்துக் காட்டினாள். நான் சந்தோஷப்பட்டேன். அதுதான் என் தப்புக் கணக்கு. அணை உடைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தோள் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னாள். மழை வந்தால் சொன்னாள், வராவிட்டால் சொன்னாள். பால் ஊற்ற வந்தவரிடம் ஸ்கேனை விளக்கினாள். சித்தப்பாவிடம் சாப்பாட்டு நேரத்தில் தட்டும் பந்தும் வைத்துக் காட்டினாள். பழைய சிலையே தேவலை என்று அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

தேர்வு நாள் வந்தது. மருத்துவரும் பிசியோவும் நீந்தலாம், இழுக்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள். மேலாளர் கைக்கடிகாரத்தோடு கரையில் நின்றார். நாற்காலியில் அன்றைக்கு வேறொருத்தர். பொம்மை ஆழமான முனையில் மிதந்தது. சித்தி தண்ணீரில் இறங்கி அதன் பக்கத்தில் போய், தொடங்காமல் நின்றாள். மேலாளர் என்ன என்று கேட்டார்.

"வலது கையப் பின்னால வீச இன்னும் பயம் இருக்கு சார். வலி இல்ல, பயம். மல்லாந்து போகல. ஒருக்களிச்சுப் போறேன், வலது கை பொம்மையப் பிடிக்கட்டும், இடது கை நீந்தட்டும். பரவாயில்லையா?"

அந்தக் குளத்தில் அவள் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை யாரும் கேட்டதில்லை. நாற்காலியில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். மேலாளர் திகைத்துப்போய், எந்தக் கை என்று விதியில் இல்லை, பொம்மை வந்தால் போதும் என்றார்.

வந்தது. பக்கவாட்டில் படுத்து, பொம்மையின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, கத்தரிபோலக் கால்களை வெட்டி வெட்டி வந்தாள். அழகு ஒன்றும் இல்லை. முகம் முழுக்கக் கோணலும் நெளிவுமாக, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பாவனை. பாதித் தூரத்தைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. எனக்கு வாய்க்குள் குளோரின் சுவை ஏறியது. நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார். சித்தி தலையை மட்டும் திருப்பி அவரை உட்காரச் சொல்லிக் கண்ணால் அதட்டினாள். அப்படியே வந்து விளிம்பைத் தொட்டாள்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தேறியாயிற்று என்றார். நாளையிலிருந்து பழைய இடம், பழைய நேரம். அதோடு அவர் போயிருக்கலாம். நல்ல மனிதர், கரையேறிய சித்தி தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஆபரேஷன் எதற்கு என்று கேட்டுவிட்டார்.

சித்தி ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். பொம்மையைப் பக்கத்தில் இழுத்து அதன் தோளைத் தொட்டுக் காட்டி, ஏணியிலிருந்து தொடங்கினாள். நான் வண்டிச் சாவியை எடுத்துக் காட்டினேன். மேலாளர் மெதுவாக ஓரடி பின்னால் வைத்தார். அவள் அவருடைய காற்சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால்.

"இருங்க சார், இன்னும் தையலுக்கே வரல."